அம்மா விட்டது

தெருவைச் சுற்றிக் காட்டுகிற குடைக்காரர் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கூட்டத்தில் யாரும் தொலைந்து போகாமல் இருக்கத்தான் குடை என்றார். மொத்தமே பதினொரு பேர்தான். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்த ஒடுக்கமான படிக்கட்டுத் தெருவில் தொலைந்து போக வேண்டும் என்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

நான் கடைசி ஆளாக நடந்தேன். முப்பத்தெட்டு வருடமாகத் தையல் வேலை செய்கிறவள் நான். ஆளைப் பார்க்கும் முன்னால் அவர் போட்டிருக்கும் துணியைத்தான் பார்ப்பேன். குடைக்காரருடைய கோட்டில் இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணின் பாவாடை ஓரம் பிரிந்து தொங்கியது. கையில் நோட்டு வைத்திருந்த பெரியவர் ஒருவர், குடைக்காரர் இருமினால்கூட எழுதிக்கொண்டார். அவருடைய சட்டையில் மட்டும் குறை சொல்ல எதுவும் இல்லை.

அந்தத் தெருவில் நூறு வருடமாக ஓவியர்களும் சிற்பிகளும்தான் குடியிருக்கிறார்கள். குடைக்காரர் காட்டப்போகும் ஏழு இடங்களில் கடைசி இடம் என் மகளுடைய அறை. அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சாவி ஓவியர் சங்கத்திடம் இருக்கிறது. இப்படிச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டத்தோடு வந்தால்தான் கதவைத் திறப்பார்கள். நான் அவளைப் பெற்றவள் என்று சொல்லித் தனியாகக் கேட்டிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? பன்னிரண்டு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செத்ததே அளவு கொடுக்க வந்த ஒருத்தி பேப்பரில் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். என் மேல் கோபத்தோடுதான் போனாளா? அந்த அறையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

முதல் இடத்தில் ஒரு சிற்பி இருந்தாராம். இரண்டாவது வீட்டில் இரண்டு ஓவியர்கள் ஒரே ஜன்னலுக்காகப் பதினான்கு வருடம் சண்டை போட்டார்களாம்.

"இங்க வெளிச்சம்தான் சொத்து. ஜன்னலுக்காக உயிரையே விடுவாங்க," என்றார் குடைக்காரர்.

"கடைசியில ஜன்னல் யாருக்குக் கிடைச்சுது?" என்று கேட்டார் நோட்டுக்காரர்.

"ரெண்டு பேரும் காலி பண்ணிட்டுப் போனாங்க. இப்ப அங்க ஒரு பூனை இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படி ஏற ஏற முழங்கால் கெஞ்சியது. இந்தப் படியில்தான் அவள் தினமும் ஏறி இறங்கியிருப்பாள், ஒருநாளாவது கால் வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லியிருப்பாளா என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

ஆறாவது இடம் ஒரு சுவர். சுவர் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகத் தீட்டியிருந்தது. கீழே மூலையில் ஒரு வட்டம், அதற்குள் நாலு புள்ளி.

"இது அடுத்து நாம பார்க்கப்போற ஓவியரோட வேலை. இதுதான் அவங்க கையெழுத்து. பேரே எழுத மாட்டாங்க. நாலு ஜன்னல் வச்ச ஒரு உலகம்னு இதுக்கு அர்த்தம் சொல்றாங்க," என்றார் குடைக்காரர்.

நோட்டுக்காரர் "ஆகா" என்றபடி எழுதிக்கொண்டார். ஜன்னலாவது, உலகமாவது. அது பொத்தான். சட்டைப் பொத்தான். நாலு ஓட்டை வைத்தது. தவழுகிற வயதில் என் மெஷினுக்கு அடியில் கிடந்த பொத்தான் ஒன்றை விழுங்கிவிட்டாள். அது வெளியே வரும்வரை இரண்டு நாள் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பொத்தான் என்றுதான் பெயர். என்னைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டது கிடையாது.

ஊருக்கே தெரியும்படி அதையே கையெழுத்தாகப் போட்டிருக்கிறாள். கோபம் இருந்தால் போடுவாளா? கூட்டத்தை முந்திக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தேன்.

"அம்மா, மெதுவா வாங்க. ரூம் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றார் குடைக்காரர்.

மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறை. என் தையல் அறையைவிடச் சின்னது. வடக்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். தரையெல்லாம் பெயின்ட் சொட்டு. ஒரு ஒற்றைக் கட்டில், டின்னில் நட்டுவைத்த பிரஷ்கள், கைப்பிடி உடைந்த ஒரு குவளை. கதவுக்குப் பின்னால் ஆணியில், குளிருக்கு மேலே போட்டுக்கொள்ளும் ஒரு பழுப்பு நிற ஜாக்கெட் தொங்கியது.

அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அது நான் தைத்தது. பத்தொன்பது வயதில், ஓவியர் தெருவுக்குப் போகிறேன் என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அதைத்தான் போட்டிருந்தாள். எனக்கு வாயும் நீளம், கோபமும் நீளம். வீட்டில் இரண்டாவது மெஷின் வாங்கிப்போட்டிருந்தேன், அவள் உட்காருவாள் என்று. 'கழற்று அதை' என்றேன். கழற்றினாள். கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே விட்டிருந்த துணியை, தையலை ஒட்டி நறுக்கினேன். அவள் கண்ணெதிரே.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது தையலுக்கு உள்பக்கம் ஒன்றரை இஞ்ச் துணியை மடித்து விடுவோம். பிள்ளை வளர்ந்து உடுப்பு இறுகினால் தையலைப் பிரித்து அந்தத் துணியை வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புச் சீருடையை அப்படி நான் பிரித்தபோது அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "இந்தத் துணி எங்க இருந்துச்சு? யாரு விட்டது?" என்றாள். "அம்மா விட்டது" என்றேன். அதோடு எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். "அம்மா, சட்டை இறுக்குது, இதுல அம்மா விட்டது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.

அதைத்தான் நறுக்கினேன். நறுக்கிவிட்டு, "போ. இனிமே உனக்கு அம்மா விட்டதுன்னு ஒண்ணும் கிடையாது" என்றேன். அவள் அழவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தையலை ஒட்டி வெட்டினால் துணி நூல் நூலாகப் பிரியும், தையல் நிற்காது. இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வெட்டினேன். ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டின் இரண்டு பக்கத் தையலும் விட்டுப்போய், கேன்வாஸ் தைக்கிற முரட்டு நூலால் கோணல்மாணலாக இழுத்துத் தைத்திருந்தது. ஒரு தடவை அல்ல, தையல் மேல் தையலாகப் பல தடவை. கடைக்குப் போய் வேறு ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா இந்தப் பெண்?

"எந்தக் காலத்துலயும் இந்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருப்பாங்க. எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்," என்றார் குடைக்காரர். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சுவரில் எட்டுப் படங்கள் இருந்தன. ஆள், வீடு, மரம் எதுவும் கிடையாது. நிறங்கள் மட்டும்தான். குடைக்காரர் குடையை மடக்கி, அதன் நுனியால் ஒவ்வொரு படத்தின் இடது ஓரத்தையும் காட்டினார். அங்கே ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு எதுவும் தீட்டாமல் வெறும் கேன்வாஸாக விட்டிருந்தாள்.

"எல்லாப் படத்துலயும் இப்படி ஒரு வெறும் பட்டை இருக்கும். ஏன்னு ஒருத்தர் பேட்டியில கேட்டதுக்கு, 'அது அம்மா விட்டது'ன்னு மட்டும் சொன்னாங்க. வேற ஒரு வார்த்தை சொல்லல."



குடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சின்ன வயசுலயே அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த வெறுமைதான் இது. வாழ்க்கை பூரா அதை ஓரத்துல வச்சுக்கிட்டே வரைஞ்சிருக்காங்க."

கூட்டம் மொத்தமும் 'ச்சு' கொட்டியது. பாவாடை ஓரம் பிரிந்த பெண், "பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரடி விட்டுட்டுப் போனது? நான் அதே வீட்டில், அதே மெஷினில்தானே உட்கார்ந்திருந்தேன்? வாசலைத் தாண்டிப் போனவள் அவள். கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கண் அந்தப் பட்டையில் போய் நின்றது. அளவு டேப் கழுத்தில் தொங்காமலேயே அந்தப் பட்டையின் அகலம் எனக்குத் தெரிந்தது. எட்டுப் படத்திலும் நூல் பிசகாமல் ஒன்றரை இஞ்ச். நான் வெட்டி எறிந்ததை அவள் ஒவ்வொரு படத்திலும் திரும்பவும் விட்டு வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக.

"இது ஒண்ணுதான் விதிவிலக்கு. இவங்க வரைஞ்ச கடைசிப் படம்," என்று ஜன்னலோரம் இருந்த ஒன்பதாவது படத்துக்குப் போனார் குடைக்காரர். "இதுல பட்டை இல்ல. ஓரம் வரைக்கும் வரைஞ்சுட்டாங்க. ஆனா அந்த இடத்துல மட்டும் நிறம் அழுத்தமா இருக்கு பாருங்க. நடுவுல வரிசையா குட்டிக்குட்டிப் புள்ளி. மழைன்னு சிலர் சொல்றாங்க. எறும்புன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். யாருக்கும் சரியா தெரியல."

கிட்டே போய்ப் பார்த்தேன். படம் முழுக்க வெளுத்த பழுப்பு, துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணியின் நிறம். ஓரத்தில் மட்டும் அதே பழுப்பு புதிதாக, கெட்டியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரே சீரான இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை புள்ளிகள்.

மழையும் இல்லை, எறும்பும் இல்லை. பழைய உடுப்பின் தையலைப் பிரித்தால் அப்படித்தான் இருக்கும். உள்ளே மடிந்திருந்த துணி வெயில் படாமல் நிறம் போகாமல் இருக்கும். தையல் ஓடிய வழியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அவள் பிரித்திருக்கிறாள். அத்தனை வருடம் இறுக்கியதைப் பிரித்துத் துணியை வெளியே எடுத்துவிட்டாள்.

"இது எந்த மாசம் வரைஞ்சது?" என்று கேட்டேன். அன்று நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

குடைக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மார்ச்சும்மா. அடுத்த மாசம் இறந்துட்டாங்க. அப்பவே ரொம்ப முடியாம இருந்தாங்களாம்."

மார்ச். அந்த மார்ச்சில் ஒரே வாரத்தில் மூன்று தடவை என் போன் அடித்தது. திரையில் 'பொத்தான்' என்று வந்தது. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அம்மா ஞாபகம் வந்ததாக்கும் என்று அடிக்க விட்டேன். மூன்றாவது தடவை கை போனைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும், எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.

நாலாவது தடவை அடிக்கவே இல்லை.

கூட்டம் படியிறங்கத் தொடங்கியது. நான் மட்டும் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். கண்ணீர் கழுத்துவரை ஓடியிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. குடைக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாவியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அது எறும்பு இல்ல தம்பி. ஊசித் துளை," என்றேன். தையலையும், பிரிப்பதையும், உள்ளே விடுகிற துணியையும் சொன்னேன். அவருடைய கோட்டின் கீழ் மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். அவள் வீட்டில் அதற்கு 'அம்மா விட்டது' என்று பெயர் என்றேன். அவர் மடிப்பையும் சுவரிலிருந்த படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவி விழுந்தது, அதை அவர் எடுக்கவில்லை.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டைப் பார்த்தேன்.

"தையல்காரி. அவளுக்குத் தைச்சுக் குடுத்திருக்கேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நல்ல மனிதர், முகம் வாடிப் போயிருந்தது. "ரெண்டு வருஷமா தப்பா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேனேம்மா. விட்டுட்டுப் போனாங்கங்கிறத இப்பவே அடிச்சுடறேன்."

"அடிக்காதீங்க," என்றேன்.

"அப்ப எதைச் சொல்றது?"

"ரெண்டையும் சொல்லுங்க தம்பி. ரெண்டுமே அம்மா விட்டதுதான்."