திருப்பிக் கொடுக்கும் காட்சி

தபசுகாலத்தில் சினிமாப் பார்ப்பது பாவம் என்று சாமியார் பிரசங்கம் வைத்த அதே வாரத்தில், லூர்துமேரி மயிலாப்பூர் டெண்டுக் கொட்டகையின் பெண்கள் பக்கத்தில், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். தபசுகாலத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த நாற்பது நாளும் சாந்தோமில் வேதக்காரர் வீடுகளில் கறி கிடையாது, மீன்தான். அவள் மீன்கூடை உச்சிவேளைக்குள் காலியாகிவிடும். ஆனால் இந்தப் படத்தைப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை ஜெயிலுக்குப் போய்ப் புருஷன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அவள் புருஷன் அல்போன்ஸ் அடையாற்றில் ஒரு துரை வீட்டுப் பட்லர். கோட்டும் தொப்பியும் போட்ட திருடன் வருகிற படம் என்றால் அவனுக்கு உயிர். அதிலும் இந்தப் படம் இருக்கிறதே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, நூறு தடவை அவளுக்கு நடித்துக் காட்டியிருப்பான். திருடன் சீமாட்டியோடு நடனம் ஆடிக்கொண்டே அவள் கழுத்து முத்துமாலையை எடுத்துவிடுவான். மறுநாள் காலையில் அவனே பட்லர் வேஷத்தில் வந்து, தட்டில் துணி போட்டு மூடி, மேலே ஒரு ரோஜாப்பூவும் வைத்து மாலையைத் திருப்பிக் கொடுப்பான். சீமாட்டி சிரித்துவிடுவாள். அந்த இடம் வரும்போது அல்போன்ஸ் குடிசைக்குள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். மீன் வாடைக்கு நடுவில் ஒரு மகாராஜா நடப்பான்.

போன மார்கழியில், விருந்து முடிந்து துரைசானி கழற்றி வைத்த முத்துமாலையை அவன் எடுத்துவிட்டான். காலையில் காப்பித் தட்டில், துணிக்கு அடியில் வைத்து, ரோஜாப்பூவோடு கொண்டுபோய் நீட்டினான். துரைசானி சிரிக்கவில்லை. ராத்திரியே ஆள் அனுப்பி வரவழைத்த போலீஸ்காரன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். போலீஸைப் பார்த்ததும் பயந்துபோய்க் கொடுத்துவிட்டான் என்று கோர்ட்டில் சொன்னார்கள். குப்பத்திலும் அதையேதான் சொன்னார்கள். திருடன் வீட்டில் ஏன் இருக்கிறாய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அவள் அண்ணன் ஆள்மேல் ஆள் விட்டான். அவளுக்கும் ராத்திரிகளில் சந்தேகம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

போன தடவை ஜெயிலில் பார்த்தபோது, நிஜமாகவே திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தாயா என்று கேட்டேவிட்டாள். அல்போன்ஸ் கோபப்படவில்லை. "அந்தப் படம் திரும்ப வந்துகீதாம் மேரி. நீயே போய்ப் பாரு. நான் திருடன் இல்லன்னு உனுக்கே தெரியும்" என்றான்.

பார்த்தாள். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று கதை சொல்கிற ராஜநாயகம் தொண்டை கிழியக் கத்தினார். நடனம் வந்தது. மாலை போயிற்று. ஜனம் விசிலடித்தது. லூர்துமேரி தட்டுக்காகக் காத்திருந்தாள். திருடன் கப்பலேறினான், தொப்பியைத் தூக்கி ஆட்டினான், விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வாசலில் சோடா குடித்துக்கொண்டிருந்த ராஜநாயகத்திடம் போய், மாலையைத் திருப்பிக் கொடுக்கிற காட்சியை வெட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு சீனே கெடையாதும்மா. திருடன் எதுக்குத் திருப்பிக் குடுப்பான்?"

கச்சேரி ரோட்டில் கடலைப் பார்த்து நடந்தாள். அப்படியானால் எல்லாம் பொய்யா? தேவாலய மதிலருகே வந்தபோதுதான், அவன் முதன்முதலில் கதை சொன்ன சாயங்காலம் ஞாபகம் வந்தது. கப்பல்வரை சொல்லிவிட்டு அவன் பீடி பற்ற வைத்தான். அவள்தான் சும்மா இருக்காமல், "பாவம், அந்தம்மா மாலை போனது போனதுதானா?" என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தான். "போவுமா? இன்னும் கீது, கேளு" என்று தொடங்கினான். தட்டும் துணியும் ரோஜாப்பூவும் அப்புறம் வந்தவை. அவள் மனசு கஷ்டப்படக்கூடாது என்று வந்தவை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அவன் இன்றைக்குத் துரைக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பான். மதிலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். போகிறவர்கள் தபசுகாலத்துப் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அல்போன்ஸ் மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்த சீனு?"

பொய் சொல்கிறவன் முகம் அல்ல அது. சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்தது போலவே ஆகிவிட்டது அவனுக்கு. அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நாளைத் தள்ளுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"பாத்தேன்யா. அதுக்குத்தான் கொட்டாயே கை தட்டிச்சு."

"துரைசானி இன்னா பண்ணா?"

லூர்துமேரி பிறந்ததிலிருந்து யாருக்கும் ஒரு கதை சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மொதல்ல ஒண்ணும் புரியாம முழிச்சா. இவன் தட்ட நீட்டிக்கினு நிக்கறான். துணிய எடுத்தா பாரு..."

அல்போன்ஸ் கண்ணை மூடி, நெற்றியை வலையில் வைத்துக்கொண்டான். நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த வார்டர் சாவிக்கொத்தை ஆட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு, மாலை என்ன ஆயிற்று என்று கேட்டபடி நின்றான்.