பெட்டி போன பாதை

"கேட்டைத் தெற, மலாக்கி. அவங்க தோள்ல பெட்டி இருக்கு."

"இருக்குன்னு எனக்கும் தெரியும். அவன் என் தம்பி..."

"தம்பின்னா தெற."

"தம்பிங்கிறதுக்காக நிலத்தை ஊருக்கு எழுதி வைக்க முடியாது, நொரீன்."

கேட்டுக்கு அந்தப் பக்கம் மலாக்கி, இந்தப் பக்கம் அவருடைய தம்பி லோர்கனின் மனைவி நொரீன். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் லோர்கனின் சவப்பெட்டியைச் சுமந்து மழையில் நின்றார்கள். அதற்கும் பின்னால் கில்மோரன் ஊரே நின்றது, நானும்தான். தோளில் ஏற்றிய பெட்டியைக் குழிக்குப் போகும் முன் தரையில் இறக்குவது எங்களிடம் இல்லை.

குழி வெட்டியிருந்தது பழைய மடத்துக் கல்லறையில். அங்கே போகக் கடலோரமாக ஒரு பாதை இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அடித்த புயலில் அது கடலோடு போய்விட்டது. இப்போது அங்கே போக மிச்சம் மலாக்கியின் மேய்ச்சல் நிலம் மட்டும். ஆனால் பெட்டி ஒருமுறை கடந்த நிலம் அன்றிலிருந்து பொதுவழி, நிலத்துக்காரனே மறிக்கக்கூடாது என்பார்கள். சட்டத்தில் அப்படி உண்டா என்று யாரும் போய்க் கேட்டதில்லை.

எண்ணூறு வருஷத்து மடம், பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர் லோர்கன்தான். பாதை போனபிறகு அண்ணனிடம் வழி கேட்டார், கிடைக்கவில்லை. போன வாரம் அப்படி வந்த நாலு பேர் சுவரேறிக் குதித்ததில், மிரண்ட ஆடு இரண்டு பாறையிலிருந்து விழுந்து செத்தன. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

"உயிரோட இருந்து வாங்க முடியாததைச் செத்து வாங்கப் பாக்குறான்" என்றார் மலாக்கி.

"ஆமா, உன் புல்லுக்காகத்தான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான்."

ஃபாதர் குடையோடு முன்னால் வந்து ஏதோ சொல்லிப் பார்த்தார். அவருடைய வேலை கோயிலோடு முடிந்துவிட்டது என்று மலாக்கி சொல்ல, குடை திரும்பிப் போனது.

அப்போது முன்னால் சுமந்துகொண்டிருந்த டெக்லனின் முழங்கால் மடங்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. இரண்டு பேர் பாய்ந்து தாங்கினார்கள்.

மலாக்கி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டை விட்டு விலகி, சுவரோரமாகப் பத்தடி நடந்து, கற்களைப் பிரித்துக் கீழே போட ஆரம்பித்தார். எங்கள் சுவர்களில் சுண்ணாம்பும் கிடையாது, மண்ணும் கிடையாது, கல்மேல் கல்தான். மாடு போக வேண்டுமானால் கொஞ்சம் பிரிப்போம், போனதும் அடுக்கிவிடுவோம்.

"கேட் வழியா இல்ல. இதுல போங்க. எல்லாரும் வெளியே வந்ததும் அடைச்சிடுவேன். அடைச்ச சுவர் வழியாகாது."

சொல்லிவிட்டு டெக்லனை நகர்த்தி அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தார். ஈர நிலத்தில் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தோம். குழியில் தம்பிமேல் முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார்.

கடைசி ஆள் வெளியே வந்ததும் மலாக்கி குனிந்து கற்களை அடுக்கத் தொடங்கினார். பெரியது கீழே, சிறியது மேலே, நிதானமாக. ஊர் கலைந்துகொண்டிருந்தது. நொரீன் மட்டும் நகரவில்லை. சுவர் இடுப்புயரம் வந்தபோது கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை நான் லோர்கனைப் பாக்க வரணும், மலாக்கி. எந்தக் கல்லை எடுக்கட்டும்?"