பூனையின் பெல்ட்

சுண்டுவுக்கு அன்றைக்கும் வலது தோள்பட்டை எழவில்லை. சட்டையின் ஒரு கையை எப்படியோ மாட்டிவிட்டான். வலது கையை நுழைக்க மனைவி வந்து துணியை இழுத்துவிட வேண்டியிருந்தது. சட்டை போடவே ஆள் தேடுகிறவர் மரத்தில் ஏறி என்னத்தை வெட்டப் போகிறார் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். ஏறினால் உடம்பு சூடாகிச் சரியாகிவிடும் என்றான் சுண்டு. சூடாவது நிஜம். சரியாவது அவளுக்காகச் சொன்னது.

சுண்டு என்ற பெயர் அவனுக்கு மரத்தடியில் வந்தது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். மேலிருந்து இறங்கிய கிளையின் பாரம் கயிற்றை இறுக்கி, சுண்டுவிரல் நுனியைத் துண்டாக்கிக் கொண்டுபோனது. கயிற்றைக் கையில் சுற்றாதே என்று முந்தின நாள்தான் இன்னொருத்தனைத் திட்டியிருந்தான். இந்தத் தொழிலில் யாருக்கும் முழு உடம்பு கிடையாது. கண்ணில் மரத்தூள், கழுத்துக்குள் எறும்பு, முழங்காலில் ரம்பம் போட்ட கோடு, பாதத்தில் ஏறி உடைந்துபோன மரச்சிலாம்பு. இதையெல்லாம் காயம் என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்வதில்லை. பெரிய மரம் என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது, பார்த்து ஏறுகிறார்கள். சின்ன மரத்தில்தான் விழுகிறார்கள்.

தங்கையின் புருஷனும் அப்படித்தான் விழுந்தான். அவனுக்குப் பூனை என்று பெயர். எந்தக் கிளையிலிருந்து வழுக்கினாலும் இன்னொரு கிளையில் போய் நிற்பான். அவனிடம் நல்ல பெல்ட் ஒன்று இருந்தது. இடுப்பில் கட்டி, அதிலிருக்கும் பட்டையை அடிமரத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். சுண்டுவின் பெல்ட்டிலும் அதே மாதிரி வளையம் உண்டு. அது தையல் விட்டுப் பிய்ந்துபோயிருந்தது. ஒரு நாள் வேலைக்கு என்று பூனையிடம் இரவல் வாங்கினான். பூனைக்கு ஒட்டிய வயிறு. சுண்டுவுக்குக் கடைசி ஓட்டையும் எட்டவில்லை. ஆணியைச் சூடுபண்ணிப் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டான். கேட்கவில்லை. வேலை மறுநாளைக்கும் இழுத்தது. பெல்ட் எங்கே என்று பூனை ஃபோன் பண்ணினான். நாளைக்குத் தருகிறேன் என்று சுண்டு சொன்னான்.

பூனைக்கு அன்றைக்கு இருந்தது ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்ற பாதாம் மரம். சின்ன மரம்தானே, கயிறு போதும் என்று ஏறிவிட்டான். கயிற்றைக் கட்டிய கிளை உள்ளே உளுத்திருந்தது. கிளை, கயிறு, ஆள் மூன்றும் ஒன்றாக வந்தன. காலை ஊன்றி விழுந்தான். இரண்டு குதிகாலும் நொறுங்கிப்போயின. நடக்கலாம், ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பூனை ஒரே பேச்சுதான் பேசினான். “பூனைன்னு பேர் வெச்சீங்கல்ல, காலை ஊனித்தான் விழுந்தேன். பேரைக் கெடுக்கல.”

சுண்டுவும் போய்ப் பார்த்தான். கட்டிலுக்கு எதிரே கதவுப்பக்கம் ஓர் ஆணி இருந்தது. பூனை பெல்ட் மாட்டும் ஆணி, காலியாக இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பெல்ட்டைப் பற்றி பூனையும் கேட்கவில்லை, தங்கையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏற முடியாதவனிடம் பெல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் குத்திக்காட்டுவதாகிவிடும். நீட்டாமல் இருந்தால் அடுத்தவன் பொருளை அமுக்கிக்கொண்டதாகிவிடும். இந்த யோசனையிலேயே மாசங்கள் ஓடின. அந்த மாசங்களில் சுண்டு ஏறிய மரமெல்லாம் பூனையின் பெல்ட்டில்தான்.

சட்டை மாட்ட மனைவி வர வேண்டியிருந்த அன்றைக்குக் கீழே கயிறு பிடிக்கிறவனுக்குக் காய்ச்சல். யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கையே ஃபோன் பண்ணினாள். அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, சுவரோடு சண்டை போடுகிறார், கீழேதான் நிற்பேன் என்கிறார், கூட்டிக்கொண்டு போ என்றாள். சுண்டு சரி என்றான். ஃபோனை வைத்துவிட்டு, பூனையின் பெல்ட்டைப் பையின் அடியில் போட்டு மேலே சாக்கை அமுக்கினான். தன்னுடைய பழைய பெல்ட்டைத் தேடி எடுத்தான். பிய்ந்த வளையத்தைக் கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கினான். இழுத்துப் பார்த்தான். நின்றது.

வேலை ஒரு சலவைக் கடையின் பின்முற்றத்தில். தகரக் கூரைமேல் சாய்ந்திருந்த மாமரத்தின் ஒரு பக்கத்தைக் கழிக்க வேண்டும். கொடியில் யார் யாருடைய வெள்ளைத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மா, தகரம் நசுங்கினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், துணியில் மாம்பால் பட்டால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் போனாள். பூனை தடியை ஊன்றி வந்து சேர்ந்தான். நடை மாறியிருந்தது. கல் குத்துகிற தரையில் வெறுங்காலோடு நடப்பவன் மாதிரி, ஒவ்வோர் அடியையும் கேட்டுக் கேட்டு வைத்தான். மரத்தை மேலும் கீழும் பார்த்தான். எந்தக் கிளையை முதலில் எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னான். சுண்டு நினைத்திருந்ததும் அதே கிளைதான்.

ஏணியில் ஏறி, கிளை பிரிகிற கவையில் காலை வைத்து, பெல்ட்டை மாட்டினான். எறும்பு உடனே வந்தது. முதல் கிளையைக் கயிற்றில் இறக்கினார்கள். பூனை கயிற்றை அடிமரத்தில் ஒரு சுற்று சுற்றி, பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோலத் தரையில் இறக்கினான். இரண்டாவது கிளைக்குக் கையை உயர்த்தினான் சுண்டு. பாதியில் தோள் நின்றுவிட்டது. ரம்பம் வழுக்கி இடது மணிக்கட்டுக்கு மேலே இழுத்துவிட்டது. ஆழமில்லை. ஆனால் ரத்தம் சொட்டியது, பூனையின் நெற்றியிலேயே சொட்டியது.

“மச்சான், இன்னைக்கு மழை சிவப்பா இருக்கே,” என்றான் பூனை.

துணி எடுக்கப் பையை நோக்கித் திரும்பினான். பையில் இல்லை, ஏணிக்குப் பக்கத்தில் பார் என்று சுண்டு மேலிருந்து சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் பூனை சாக்கை எடுத்திருந்தான்.

பூனை பெல்ட்டை வெளியே எடுத்தான். விரலால் ஓட்டைகளைத் தடவிக்கொண்டே வந்து, கருகிய புது ஓட்டையில் நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தான்.

“மேல என்ன கட்டியிருக்க?”

“என்னோடது.”

“வளையம்?”

“கம்பி சுத்தியிருக்கேன், மாப்ள.”

பூனை திட்டவில்லை. கயிற்று நுனியில் ஒரு துணியையும் அந்த பெல்ட்டையும் சேர்த்துக் கட்டினான்.

“இழு. முதல்ல இதைக் கட்டு. அப்புறம் கையைக் கட்டு.”

சுண்டு கவையில் உட்கார்ந்து, பழைய பெல்ட்டைக் கழற்றினான். கம்பியின் முறுக்கு பாதி அவிழ்ந்திருந்தது. அதைக் கீழே தெரியாதபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டான். பூனையின் பெல்ட்டை இடுப்பில் கட்டி, தானே போட்ட ஓட்டையில் மாட்டினான். அதன்பிறகு மதியம்வரை பூனை வாய் திறந்தது இரண்டே சொல்லுக்குத்தான். விடு. நிறுத்து.

சாப்பிட உட்கார்ந்தபோது சுண்டு ஆரம்பித்தான். அன்னைக்கு நான் மட்டும் சொன்ன மாதிரி ஒரே நாள்ல குடுத்திருந்தா, என்று வாயெடுத்தான். சாப்பிடு என்றான் பூனை. சோற்றுப் பொட்டலத்தைப் பாதி முடித்தபிறகு அவனே பேசினான். காலைப் பற்றிப் பேசவில்லை. கேட்காமல் ஓட்டை போட்டதைப் பற்றிப் பேசினான். கேட்டிருந்தால் தானே அளவெடுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன், ஆணியைச் சுட்டுப் போட்டால் தோல் ஓரம் வெடிக்கும், இது எத்தனை வருஷமாக எண்ணெய் போட்டு வைத்திருந்த தோல் தெரியுமா என்று கேட்டான். காலுக்காகத் திட்டுவான் என்று இத்தனை நாளும் சுண்டு பதில் தயாராக வைத்திருந்தான். கேள்வி ஓட்டையைப் பற்றி வந்தது.

“இந்தா, இப்பவே எடுத்துக்கோ மாப்ள,” என்று பெல்ட்டை அவிழ்க்கப் போனான்.

“இப்ப எடுத்தா நாளைக்கு நீ மறுபடியும் கம்பியைச் சுத்திட்டு ஏறுவ. என் பொண்டாட்டிக்கு இருக்கிறது ஒரே அண்ணன். உன்னோடதைத் தைச்சிட்டு, அப்புறம் கொண்டா. வீட்டுக்கு வந்து அந்த ஆணியில நீயே மாட்டு.”

“ஏறப் போறியா?”

“ஏறுறதும் ஏறாததும் என் கால் பாடு. பெல்ட் என்னோடது.”

சாயங்காலமே சுண்டு செருப்புத் தைக்கிறவரிடம் போனான். அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரட்டை நூல் கோத்து, இரண்டு வரிசை தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து நீட்டினார். பக்கத்துக் கடையில் சுண்டு வாங்கிய டீ கையில் பாதி இருந்தது. அவ்வளவுதான் வேலை. பெல்ட் பிய்ந்த அன்றைக்கே இந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனான். இவர் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மிச்ச டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினான். டீ நன்றாக இல்லையா என்று கடைக்காரர் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூனையின் பெல்ட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றி எடுத்துப் போனான். பூனை குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தங்கை தாளைப் பார்த்தாள். உள்ளே இருப்பது என்ன என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“உள்ள கொண்டு வராதண்ணே.”

அவன்தான் கேட்டான் என்றான் சுண்டு. கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் தூங்கினதும் மாடிப்படியில் ஏறுகிறார், இறங்குகிறார், வலியில் வாயைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறுகிறார் என்றாள். எதற்கு என்று அவள் கேட்டதில்லை. ஆணியில் இது தொங்கினால் ஒரு நாள் காலையில் ஆணி காலியாக இருக்கும், ஆளும் இருக்க மாட்டார் என்றாள்.

“அவன்கிட்ட நான் என்ன சொல்றது?”

“நாளைக்குன்னு சொல்லு. உனக்குப் பழக்கம்தானே.”

சொன்னபிறகு அவள் முகம் சுருங்கியது. அண்ணன் கையில் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்து, புண் ஆறிவிட்டதா என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றான். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் தாள் சுற்றியதை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். வலது தோள் விண்ணென்று தெறித்தது.

இப்போது பூனைதான் அவனுக்குக் கீழே கயிறு பிடிக்கிறான். அவனைப் போலக் கிளையை இறக்குகிறவன் யாருமில்லை. சுண்டு, தைத்து வாங்கிய தன் பெல்ட்டில் ஏறுகிறான். ஏறுவதற்கு முன்னால் பூனை அதன் வளையத்தை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். பார்த்துவிட்டு, என்னோடது எங்கே மச்சான் என்பான். நாளைக்கு மாப்ள என்று சுண்டு சொல்வான்.

பூனையின் பெல்ட் சுண்டுவின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தாள் சுற்றியபடியே தொங்குகிறது. சுண்டு பூனைக்கு அந்த பெல்ட்டைத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.