நாற்பது நிமிடம் எங்கேஜ்டு

மெயின் லைன் கேபிளை ரவுட்டரிலிருந்து அவன் சோதனைக்காக வேண்டுமென்றே பிடுங்கினான். பத்து எண்ணுவதற்குள் ரவுட்டர் தானாகவே டயல் செய்து, முந்தின வாரம் அவன் புதிதாக மாட்டிய ஐஎஸ்டிஎன் பேக்கப் போன் லைனுக்கு மாறிக்கொண்டது. ஒரு விளக்கு பச்சையாக எரிந்தது. கவுண்டர்களில் நின்றுபோன கணினிகள் மறுபடி ஓடின.

பேங்க் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஆமை மாதிரி போகுதேப்பா."

"இதுல ரெண்டு சேனல் இருக்கு சார். ஒண்ணை போனுக்கு விட்டிருக்கேன்."

"இந்த ரூம்ல போன் யாருக்கு? ரெண்டையும் குடுங்க. கொஞ்ச நேரம் ஓட்டிப் பாப்போம்."

கொடுத்தான். இரண்டாவது விளக்கும் எரிந்தது. இரண்டு சேனலையும் ரவுட்டர் பிடித்துக்கொண்டால், அந்த லைனின் போன் நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். அது அவனுக்குத் தெரியாததல்ல. அடுத்தவர்களுக்குப் பாடம் எடுப்பவன். புத்தி அன்று எங்கே மேயப் போயிருந்ததோ, மேசைக்கடியில் குந்திக்கொண்டு கேபிள்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். காலையில் அக்கா வீட்டில் அவன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது அதே நம்பர்.

அக்கா விஷயத்தில் டாக்டர் கையை விரித்து நான்கு நாளாகியிருந்தது. "நீ வேலைக்குப் போயிட்டு வா தம்பி. ஏதாவதுன்னா மாமா கூப்பிடுவார்" என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். "அந்த ரூம்ல நான் மட்டும்தான் இருப்பேன் மாமா, நான்தான் எடுப்பேன்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்திருந்தான்.

நாற்பது நிமிடம் கழித்து மெயின் கேபிளை மாட்டினான். விளக்குகள் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்த போன் அடித்தது.

"மாப்ள, அக்கா போயிட்டா" என்றார் மாமா.

பஸ்ஸில் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனான். ஒரே ஒரு சேனல். அதை விட்டுவைத்திருந்தால் அவள் குரலைக் கேட்டிருப்பான். மனைவி பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது. சாப்பிட்டாயா என்று கேட்க வேறு நாதியில்லை. தினமும் போனில் கேட்டது அக்கா ஒருத்திதான்.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் நின்று அழுதான். மாமா அவனை மெல்ல வாசலுக்கு அழைத்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக அவன் நின்றான்.

"அஞ்சாறு தடவை அடிச்சேன் மாப்ள. எங்கேஜ்டாவே இருந்துச்சு."

"மாமா, அது வந்து..."

"நான் பதறிட்டேன். உங்க அக்காதான் ரிசீவரை வாங்கி காதுல வச்சுக் கேட்டா. 'அந்த ரூம்ல அவன் ஒருத்தன்தானே இருக்கான், அப்போ அவன்தான் பேசறான். என்கிட்டகூட இவ்ளோ நேரம் பேசினதில்ல கள்ளன். யாரோ ஒருத்தி கிடைச்சிட்டா'ன்னு சிரிச்சா. 'பேசட்டும், நடுவுல கூப்பிடாதீங்க'ன்னா. அப்படியே கண்ணை மூடினவதான்."

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு மாப்ள அந்தப் பொண்ணு?"

கேபிள், சேனல், மேனேஜர் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன.

"உங்களுக்குத் தெரியாது மாமா."

"இருக்கட்டும். சேதி சொல்லிட்டியா? வருவாளா?"

"ம்."

மாமா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, இரண்டு பேர் உட்காரும்படி இடம் விட்டார்.