தீர்மானம் மூன்று: ஒருமனதாக

1.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்தால் நடுவில் நானே உளறிவிடுவேன். நான் எழுதாமல் வைத்திருக்கும் ஒரு கூட்டக் குறிப்பில் பிறந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு எழுத்து வேலை. ஆண்டறிக்கை, நன்றிக் கடிதம், நன்கொடையாளர்கள் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டிய வாழ்க்கைக் கதைகள், நிர்வாகக் குழு கூடினால் அங்கே யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு, எல்லாம் என் தலையில். நேற்றைய கூட்டத்தின் குறிப்பு இன்று காலை பதினொரு மணிக்குத் தலைவரின் கையெழுத்துக்குப் போக வேண்டும். இப்போது மணி ஒன்பதே கால். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதே கணினியில் இன்னொரு பக்கத்தைத் திறந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. கதை எழுதுகிறவள் இப்படிப் பச்சையாகச் சொல்லக் கூடாது என்பார்கள். அவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநரின் அறை.

முதல் தொடக்கம்: "அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு, காலில் செருப்புகூட இல்லாமல், அவள் விடுதியின் கதவைத்—"

வேண்டாம். இந்த வரியைப் பதினோரு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். வினையே அங்குதான் தொடங்கியது.

இரண்டாம் தொடக்கம்: "நிர்வாகக் குழு காலை பத்து மணிக்குக் கூடியது. வந்திருந்தவர்கள் ஒன்பது—"

இதுவும் வேண்டாம். அந்த ஒன்பதைத்தான் எழுத முடியவில்லை.

2.

தையலக்காவிடமிருந்து தொடங்குகிறேன்.

வீட்டில் அடி தாங்காமல் வெளியே வரும் பெண்களுக்காக எங்கள் நிறுவனம் ஒரு விடுதி நடத்துகிறது. இருபத்தாறு கட்டில். பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு அங்கே வந்தவள் தையலக்கா. அங்கேயே தையல் கற்றாள், இப்போது அங்கேயே சொல்லிக்கொடுக்கிறாள். பெயர் ஒன்று உண்டு. அதைக் காசோலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் நிர்வாகக் குழுவுக்கு ஒரு வழக்கம். கூட்டம் தொடங்கும் முன் விடுதியால் கரையேறிய ஒருத்தி வந்து ஐந்து நிமிடம் தன் கதையைச் சொல்ல வேண்டும். "எதற்காக இந்த வேலை செய்கிறோம் என்பது நமக்கு மறந்துவிடக் கூடாது" என்பார் தலைவர். நல்ல மனிதர். உண்மையாகவே கண் கலங்குவார். பதினோரு வருடத்தில் அதிகமாக வந்து சொன்னது தையலக்காதான். அந்த ஐந்து நிமிடத்தை எழுதிக் கொடுத்தது நான்.*

* அக்கா விடுதிக்கு வந்த அன்று மழை இல்லை. சுள்ளென்று வெயில். காலில் புதுச் செருப்பு, பேருந்துச் சீட்டு பத்திரமாக முந்தானை முடிச்சில். மழையும் வெறுங்காலும் நான் சேர்த்தவை. "நீ பெய்ய வச்ச மழையில எனக்குச் சளியே புடிச்சிருச்சுடி" என்று கிண்டல் செய்வாள். போன வருடம் ஒருநாள் கிண்டல் இல்லாமலே சொன்னாள்: "இப்பல்லாம் எனக்கே மழைதான் ஞாபகம் வருது. வெயில் வர மாட்டேங்குது."

இந்த ஆண்டு, எங்களுக்குக் கொடை தரும் பெரிய அறக்கட்டளை புதுப் படிவம் ஒன்றை அனுப்பியது. "உதவி பெற்றவர்களில் எவரேனும் உங்கள் தலைமையில் இருக்கிறார்களா? ஆம் / இல்லை." இயக்குநர் ஒரு வாரம் தலையைச் சொறிந்தார். பிறகு தையலக்காவை அறங்காவலர் ஆக்கினார்கள். நிர்வாகக் குழுவில் எட்டுப் பேர் ஒன்பது ஆனார்கள். "ஆம்" என்பதில் குறி போட்டதும் நான்தான்.

3.

நேற்றைய கூட்டத்தில் மூன்றாவது தீர்மானம் விடுதியை மூடுவது. இப்படி எழுத மாட்டோம். "காலத்துக்கேற்ப, விடுதியைப் பகல்நேரப் பயிற்சி மையமாக மாற்றி, தங்கியிருப்போரை அவரவர் குடும்பத்துடன் இணைத்தல்." யாரை விட்டு ஓடி வந்தார்களோ அவர்களோடு இணைத்தல். இதையும் நான்தான் எழுதினேன், ஒரே மூச்சில், தேநீர் குடித்துக்கொண்டே.

எங்கள் விதிப்புத்தகத்தில் பழைய விதி ஒன்று இருக்கிறது: விடுதியை மூட வேண்டுமானால் அறங்காவலர் அத்தனை பேரும் அறையில் இருந்து சம்மதிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் செல்லாது. போன வாரம் அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"நான் ஒருத்தி முடியாதுன்னா போதுமா?"

"போதும்க்கா."

"அப்ப சரி. ஏழாம் கட்டில் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன், உன்னை எவனும் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு."

ஏழாம் கட்டிலில் இருப்பவள் போன மாதம் வந்தவள். இன்னும் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் தூங்குகிறாள். அக்கா அந்த வாரம் முழுவதும் தையல் மிஷினை மிதித்தபடி "எனக்குச் சம்மதம் இல்லை, எனக்குச் சம்மதம் இல்லை" என்று பாடம் செய்தாள்.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. அக்கா இஸ்திரி போட்ட புடவையில் வந்து வருகைப் பதிவேட்டில் ஒன்பதாவதாகக் கையெழுத்துப் போட்டாள். தலைவர் வாஞ்சையாக வரவேற்றார். "நம்ம குடும்பத்துல புதுசா ஒருத்தர். முதல்ல உங்க கதையைச் சொல்லுங்கம்மா, எல்லாரும் கேட்கட்டும்" என்றார். அக்கா எழுந்து சொன்னாள். மழை, குழந்தை, வெறுங்கால், முதல் ஜாக்கெட், மகளின் கல்லூரி. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். "ரொம்ப நன்றிம்மா" என்றார் தலைவர். டீ கொடுக்கும் அம்மா கதவைத் திறந்து பிடித்தார். பிறகு நிகழ்ச்சி நிரல் தொடங்கியது. முதல் தீர்மானம், போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது. இரண்டாவது, புதிய தணிக்கையாளர். மூன்றாவதை இயக்குநர் படித்தார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறியது.

4.

நிறுத்துங்கள். மேலே போய் அந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

டீ அம்மா கதவைத் திறந்து பிடித்தார் என்று எழுதினேனே, யாருக்காக?

கவனித்திருந்தால் நீங்கள் அந்த எட்டுப் பேரைவிட மேல். கவனிக்காவிட்டால் அந்த அறையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம், தாராளமாக உட்காரலாம்.

அக்கா எழுந்து போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. கைதட்டல், நன்றிம்மா, திறந்த கதவு. பதினோரு வருடமாக இந்த மூன்றும் வரிசையாக நடந்தால் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். நேற்றும் மூன்றும் நடந்தன, போனாள். டீ அம்மா கெட்டவர் இல்லை. அவருக்கும் அதே பழக்கம். எட்டுப் பேரும் கெட்டவர்கள் இல்லை. தலைவர் "எல்லாருக்கும்" என்று கேட்டபோது மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். காலி நாற்காலியிலும் அவர் கண் பட்டது. பட்டுவிட்டு அடுத்தவரிடம் போனது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

5.

இந்தக் கதையில் குறிப்பெழுதுபவள் ஒருத்தி வருகிறாள் அல்லவா, அவள் மீது எனக்குச் சந்தேகம். கதவு திறந்ததைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? ஒரு காரணம் கொடுத்தாக வேண்டும்.

காரணம் ஒன்று: வேலை போனால் அவள் மகளின் படிப்பு— (அடித்துவிட்டேன். அவளுக்கு மகளே இல்லை.)

காரணம் இரண்டு: குறிப்பெழுதுபவர் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது விதி— (பொய். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியைக் குறையுங்கள் என்று எத்தனை தடவை பேசியிருக்கிறாள்.)

காரணம் மூன்று. சரி, எழுதிவிடுகிறேன்.

நானும் அந்த விடுதியில் இருந்தவள். இருபது வருடத்துக்கு முன்னால், பதினான்கு மாதம். ஆறாம் கட்டிலில் தையலக்கா, ஏழாம் கட்டிலில் நான். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். அக்காதான் ஒவ்வொரு நாளும் காலையில் அதை எடுத்துப் பழைய இடத்தில் போடுவாள், ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அங்கிருந்தே படித்து முடித்தேன். பிறகு இங்கே வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பதினான்கு மாதத்தை உறவினர் வீட்டில் இருந்ததாக எழுதினேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும். ஆள் இருந்தால் என்னை "மேடம்" என்பாள், இல்லாவிட்டால் "அடியே".

தெரிந்தால் யாரும் என்னைத் துரத்த மாட்டார்கள். அதைவிட மோசமாக, அன்பாக நடந்துகொள்வார்கள். என் எழுத்தைத் திருத்தும்போது குரலைத் தாழ்த்துவார்கள். என் கதையையும் ஐந்து நிமிடம் சொல்லச் சொல்வார்கள். இதுவரை எழுதுகிறவளாக இருந்தேன். அன்றிலிருந்து என்னை வேறு யாராவது எழுதுவார்கள், மழையோடு.

6.

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். கதை சொல்ல வருபவர்கள் காத்திருக்கும் பெஞ்சில், மடியில் கைப்பையோடு, அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"முடிஞ்சிருச்சுக்கா."

"நான் ஏண்டி எழுந்து வந்தேன்?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெளியே வந்து ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. திரும்பப் போய்க் கதவுல கைய வச்சேன். தட்டலாம்னு பார்த்தேன். உள்ள ஏதோ முக்கியமாப் பேசிட்டிருப்பாங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தோணிச்சு." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "முக்கியமாப் பேசினது என்னோட விஷயம்தானே?"

"இப்பவே டைரக்டர் சார்கிட்டப் போய்ச் சொல்லுங்கக்கா."

"நான் சொன்னா, பாவம், அவங்களுக்கு மீட்டிங் பழக்கமில்லைம்பாங்க. அடுத்த தடவை ஆளையே மாத்திருவாங்க. பதிவேட்டுல என் கையெழுத்து வேற இருக்கு. நான் உள்ள இல்லைன்னு நீ எழுதினாத்தான் நிக்கும்."

"நான் எழுதினா, உனக்கு என்ன அக்கறைன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்று ஒத்துக்கொண்டாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "பயமா இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கும்தான். ஏழாம் கட்டில் பொண்ணுகிட்ட இப்பப் போய் என்ன சொல்லட்டும்? பதினோரு வருஷமா நீ எழுதிக் குடுத்ததைத்தான் நான் பேசினேன். இல்லாத மழைய எழுதினே, நனைஞ்சேன். நடந்ததை ஒரு தடவை எழுதேண்டி."

எழுந்து படியிறங்கிப் போனாள். நான் உள்ளே வந்து தேநீர்க் கோப்பைகளை எண்ணினேன். ஒன்பது வைத்திருந்தார்கள். ஒன்று தொடாமல் ஆடை படிந்திருந்தது.

7.

மணி பத்து இருபது. இந்த இடத்தில் எழுத்து நின்றது, ஏனென்றால் இயக்குநர் என் மேசைக்கே வந்துவிட்டார். பக்கத்தை மாற்றுவதற்குள் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

"குறிப்பு ரெடியா மேடம்?"

"இதோ, கொஞ்சம்தான் பாக்கி சார்."

"சிம்பிளா எழுதுங்க. வந்தவங்க ஒம்பது, ஒருமனதா நிறைவேறியது. அவ்வளவுதான்." போக இருந்தவர் நின்றார். "தையலக்கா இருந்தாங்கதானே?"

சத்தியமாக அவருக்கு நினைவில்லை. கண்ணில் கள்ளம் இல்லை. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். நான் சொன்னது இது:

"பதிவேட்டுல கையெழுத்து இருக்கு சார்."

"அப்ப சரி" என்று போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. இப்படிப் பொய் சொல்லாமலே பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்கள் என்னைத் திட்டலாம், நியாயம்தான்.

8.

முடிவு ஒன்று. உள்ளதை எழுதுகிறேன்: "மூன்றாம் தீர்மானத்தின்போது அறங்காவலர் ஒருவர் அறையில் இல்லை." தீர்மானம் விழுகிறது. விடுதி நிற்கிறது. யாரோ ஒருவர் கனிவாகக் கேட்கிறார், "உங்களுக்கு ஏன் மேடம் இதுல இவ்வளவு அக்கறை?" நான் வாயைத் திறக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். கைதட்டுகிறார்கள். டீ அம்மா கதவைத் திறந்து பிடிக்கிறார்.

முடிவு இரண்டு. "ஒருமனதாக" என்று எழுதுகிறேன். மூன்று மாதத்தில் கட்டில்களைக் கழற்றுகிறார்கள். ஏழாம் கட்டில் பெண்ணை அவள் கணவன் வண்டி வைத்துக்கொண்டு வந்து அழைத்துப்போகிறான். சிரித்த முகம், கையில் பழப்பை. ஆண்டறிக்கையில் அவர்கள் படத்துக்குக் கீழே "குடும்பத்துடன் இணைந்தார்" என்று எழுதுவதும் நான்தான். மறு ஆண்டு அறிக்கைக்கு அவளைத் தேடுகிறேன்—

முடிவு மூன்று. தையலக்கா படியேறி வருகிறாள். கதவைத் தட்டாமல் திறக்கிறாள். எட்டுப் பேரையும் பார்த்து—

இல்லை. அவள் எப்படி வர வேண்டும், என்ன பேச வேண்டும் என்று நானே எழுதி எழுதித்தான் அவள் நேற்று எழுந்து போனாள். இதை நான் எழுத மாட்டேன்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. மீதிக் குறிப்பை எழுதிவிட்டேன். இரண்டு இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

வந்திருந்தவர்கள்: [        ]

தீர்மானம் மூன்று: [        ]

கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். சார் எழுந்துவிட்டார். முடிவை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் பகுதியில் அந்தக் கதவு திறந்தபோது என்னைத் தவிர நீங்களும்தான் அறையில் இருந்தீர்கள், வேறு சாட்சி எனக்கு இல்லை. அவர் வந்துகொண்டிருக்கிறார். போன தடவை என்னிடம் கேட்டதையே இப்போதும் கேட்பார். எனக்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள்.

அக்கா இருந்தாளா?