கருமணி விரியவில்லை

மார்கித்துக்குக் காது போய்விட்டது என்று அவள் கணவன் ஸ்டூரே மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். மகளின் பட்டமளிப்பு விருந்தில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே அவன் எதையோ கேட்க, அவள் வேறெதற்கோ பதில் சொன்னாள்.

"இவகிட்ட பேசறதுக்குச் செவுத்துக்கிட்ட பேசலாம். எதிரொலியாவது வரும்," என்றான். மேசையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

மறுவாரம் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகச் செவித்திறன் ஆய்வுக்கூடத்துக்கு அவனே அவளைக் காரில் அழைத்துப் போனான்.

ஆய்வாளர் ஹெட்விக் அவளைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, கண்ணுக்கு நேரே சிறு கேமராவைப் பொருத்தினாள். ஒலிபெருக்கியில் கூட்டத்தின் இரைச்சல் வரும். அதற்குள் ஒருவர் வாசிக்கும் வாக்கியங்களை மார்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். மூளை சிரமப்பட்டால் கண்ணின் கருமணி விரியும். முடியாது என்று கைவிட்டால் சுருங்கும்.

இரைச்சல் ஏற ஏற அவளுடைய கருமணி விரிந்தது. கழுத்து வியர்த்தது. இருபதில் பதினேழைச் சரியாகச் சொன்னாள்.

"காது நல்லாத்தான் இருக்கு. இந்த வயசுக்கு ரொம்பவே நல்லா," என்றாள் ஹெட்விக்.

"மெஷின்ல ஏதோ கோளாறு. நான் வாசிக்கறேன், பாருங்க," என்றான் ஸ்டூரே.

ஹெட்விக் சற்றுத் தயங்கினாள். பிறகு அதே இரைச்சலில், அதே அளவுச் சத்தத்தில் அவனை வாசிக்கவைத்தாள். இம்முறை மார்கித் மூன்றைத்தான் சொன்னாள். கருமணியின் அளவைக் காட்டும் திரையில் கோடு எழவே இல்லை.

"நடிக்கிறா."

"கருமணி நடிக்காதுங்க." ஹெட்விக் குரலைத் தாழ்த்தினாள். "கஷ்டப்பட்டுக் கைவிட்டிருந்தா முதல்ல விரிஞ்சிருக்கும். இது விரியவே இல்ல. உங்க குரலுக்கு அவங்க மூளை முயற்சியே பண்ணல."

"நான் கேக்கத்தான் பார்த்தேன்," என்றாள் மார்கித். அது பொய்யில்லை. ஹெட்விக் சொன்னது அவளுக்கே புதுச் செய்தி.

அன்று முதல் வீட்டிலும் சோதனைதான். ஸ்டூரே சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போடுவான். அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தபடி எதையாவது சொல்வான். அவள் உண்மையாகவே முயன்றாள். சாயங்காலத்துக்குள் தலை வெடித்துவிடும் போலிருக்கும். ஒரு சொல்கூடப் பிடிபடாது.

நவம்பரில் ஒருநாள், அவளிடம் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தவன், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மார்கித், கட்டி ஈரல்வரைக்கும் பரவிடுச்சாம்."

"கட்டிலா? விரிப்பு மாத்தியாச்சு," என்றாள், திரும்பாமலே.

அவன் மறுபடி சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மகள் ரயில் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழுதபடி சொன்னபோதுதான் அவளுக்குக் கட்டி விஷயம் தெரிந்தது. ரயில்கள் அலறிக்கொண்டிருந்தன. ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது.