சாரல் நாளில் ஆயில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கான ஒரு குழுவில், எஞ்சின் ஆயில் ஒழுகினால் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என்று ஒரு பதிவு போடத்தான் உட்கார்ந்தேன். அது இப்படிப் போனது:

தேவையான பொருட்கள்: மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், பழைய துணி, பெரிய அட்டை. முகத்துக்குப் போடும் பவுடர் ஒரு டப்பா (வீட்டில் கேட்டுவிட்டு எடுக்கவும்). வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாதபோது —

பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் ஆயிலுக்கு என்ன? ஒன்றும் இல்லை. ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துக்கொண்டே வெளியே பார்த்தேன். வாசலில் கார் நனைந்துகொண்டு நின்றது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அங்கே உட்கார வேண்டியவள் என் மனைவி ஆனந்தவள்ளி. பதிவு அதோடு நின்றுவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: "மேலகரத்தில் சாரல் பெய்துகொண்டிருந்தது. மேகம் மலையின் தோளில் —"

(விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் யார் எழுதினாலும் மேகம் மலையின் தோளில்தான் வந்து உட்காருகிறது.)

தொடக்கம் இரண்டு: "போன ஆவணியில் என் மச்சினன் இசக்கிதுரை வாசுதேவநல்லூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான்."

இது பரவாயில்லை. இதிலேயே போகிறேன்.

இசக்கிதுரை வள்ளிக்குத் தம்பி. போலீஸில் இருக்கிறான். வீட்டு முன்னால் கார் நிறுத்துவதற்கென்று வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தான். அவனுக்கு இன்னும் கார் இல்லை. "அத்தான், உள்ள விடுங்க. மொத வண்டி உங்க வண்டிதான்" என்று அவனே கேட்டைத் திறந்தான். விட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், ஆட்கள் வட்டமாக நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு அடியில், வெள்ளையில், தோசை அகலத்துக்கு ஒரு கறுப்பு.

"என்னத்தான், வண்டி ஒண்ணுக்குப் போயிட்டு?" என்றான் இசக்கிதுரை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன்.

அன்றைக்கு வள்ளி பஸ்ஸில்தான் வீடு வந்து சேர்ந்தாள். "இனி இந்த வண்டில நான் ஏற மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் ஏறவும் இல்லை.

இப்போது இசக்கிதுரைக்குப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை தொட்டில் போடுகிறார்கள். குழந்தையின் காதில் பேர் சொல்ல வேண்டியது அத்தைக்காரி. அதனால் வள்ளி போகாமல் முடியாது. "நீங்க ஒங்க வண்டில வாங்க. நான் பஸ்ஸுல வந்துருதேன்" என்கிறாள்.

ஆக, இந்தக் கதையில் நடக்க வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அவள் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். அதற்கு ஆயில் நிற்க வேண்டும். (இதை எழுதும்போது அப்படித்தான் நினைத்தேன். மாற்றாமல் விடுகிறேன்.)

3

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே, ஆயில் தங்கும் தொட்டியின் அடியில், ஆயிலை வடிக்கிற போல்ட் இருக்கிறது. அதன் நுனியில்தான் சொட்டு தொங்கும். வாஷர் மாற்றினேன். சொட்டியது. ஆயில் ஃபில்டர் மாற்றினேன். சொட்டியது. தென்காசியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் முகம்மது மீரானிடம் கேட்டேன்.

"எஞ்சின எறக்கணும் அண்ணாச்சி. இல்லைன்னா வண்டிக்கடியில ஒரு சட்டியக் கட்டித் தொங்க விடுங்க."*

* மீரான் இதைப் படிப்பார். சட்டி யோசனை தமாஷுக்குச் சொன்னது என்று இங்கே எழுதச் சொன்னார்.

எண்ணெய் மேலே எங்கோ கசிந்து, எஞ்சினின் பின்பக்கமாக இறங்கி, வண்டி ஓடுகிற காற்றில் இன்னும் பின்னால் போய், தொங்க இடம் கிடைத்த இடத்தில் தொங்கும். அதனால் கீழேயிருந்து மேலே தேடிக்கொண்டு போக வேண்டும். [இங்கே வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

ஆனால் சாரல் காலத்தில் எதைத் தேடுவது? எல்லாமே நனைந்திருக்கிறது. கீழே வைத்த அட்டை கூழாகிவிடுகிறது. விழுந்த சொட்டு தண்ணீரில் நீலமும் ஊதாவுமாக விரிந்து, வாசலைத் தாண்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி தெருவோடு போய்விடுகிறது.

4

(இந்தப் பகுதி நீக்கப்பட்டது. வள்ளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்ததாக எழுதியிருந்தேன். "நான் எப்ப அழுதேன்? வாயப் பொளந்து தூங்கிட்டுல்லா வந்தேன்" என்கிறாள்.)

5

வாசலில் தார்ப்பாய் கட்டினேன். எஞ்சினை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். பிறகு பவுடரை உள்ளங்கையில் கொட்டி, மேலே ஊதினேன். முழுக்க வெள்ளை. ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கதை நகரவில்லை. எனக்கும் நகர்த்த மனமில்லை. தார்ப்பாயில் சாரல் விழுகிற சத்தமும் எஞ்சின் சத்தமும் கலந்து எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போயின. எதிலிருந்தோ நல்லெண்ணெய் வாசனை வந்தது. மலை இருக்கிற திசையில் மலை இல்லை. என் முன்னால்தான் வெள்ளையாக ஒன்று இருந்தது, அதிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

"அது எம் பவுடர் வாசனைல்லா?"

பின்னால் வள்ளி நின்றாள்.

"ஆமா."

"எஞ்சினுக்குப் பூசுனா செவந்துருமாக்கும்?"

திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். "இந்தா, இங்கன பாருங்க" என்றாள்.

உச்சியில், எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கும் டேப்பெட் கவரின் பின்மூலையில், வெள்ளையில் ஒரு பழுப்புப் பொட்டு. அது கனத்து, கோடாகி, ஐந்தருவியில் ஓர் அருவி மாதிரி (சரி, இந்த ஒரு தடவை அருவி இருந்துவிட்டுப் போகட்டும்) அவசரமில்லாமல் இறங்கியது.

கவருக்கு அடியில் ஆயில் கசியாமல் அடைக்கிற பேக்கிங் போய்விட்டது. கழற்றினால் அப்பளம் மாதிரி ஒடிந்து வந்தது. மீரான் கடையில் புது ரப்பர் பேக்கிங் வாங்கினேன். அது உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைக்கவும். மூலைகளில் மட்டும் சிலிக்கான் பசை ஒரு பொட்டு. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, மிதமாக முறுக்கவும். பலத்தைக் காட்டினால் கவர் வளைந்துவிடும். ஓர் இரவு விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யவும்.

(ஆயிலுக்காகப் படிக்க வந்தவர்கள் இதோடு போகலாம். நன்றி.)

6

மறுநாள் காய்ந்த அட்டையை வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். சொட்டவில்லை. இதுவரை எழுதியதை வள்ளியிடம் கொடுத்தேன். போனைத் தூரப் பிடித்துப் படித்தாள். நாலாவது பகுதியை எடுக்கச் சொன்னது அப்போதுதான். அப்புறம்,

"எண்ணெய் சொட்டுனதுக்கு நான் கோவிச்சிக்கிட்டேன்னுல்லா எழுதி வச்சிருக்கீய."

"வேற எதுக்கு?"

"வண்டின்னா சொட்டத்தான் செய்யும். நீங்க பட்டு வேட்டியோட முட்டி போட்டுத் தொடைக்கீய. அவன் இடுப்புல கைய வச்சிக்கிட்டு, 'அந்த ஓரம் கெடக்கு அத்தான்'னு வெரலக் காட்டுதான். எங்கூடப் பொறந்தவன். ஒரு துணி எடுத்துட்டு வரல. அத எழுதவே இல்லயே நீங்க?"

எழுதவில்லைதான். மறந்துவிட்டேன், அல்லது —

"அதுக்கு அவன்கிட்டல்லா கோவப்படணும்? என் வண்டில ஏறாம இருந்தா?"

"நீங்க சிரிச்சிக்கிட்டே தொடச்சீய." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தச் சிரிப்புக்குப் பக்கத்துல நான் எப்படி ஒக்காந்து வருவேன்?"

இதற்குப் பதிலாக நான் பேசியதாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டேன். பத்து மாதமாகக் கீழே படுத்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

முடிவு அ: வண்டி சொட்டவில்லை. இசக்கிதுரை கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். ("பெயிண்ட் விளம்பரம் மாதிரி இருக்கு" – வள்ளி.)

முடிவு ஆ: புளியங்குடி தாண்டும்போது எஞ்சினிலிருந்து புகை —

வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன், நடந்த வரைக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் வள்ளி பட்டுச்சேலையோடு வந்தாள். கார் கதவைத் திறந்தாள். இருக்கையைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். "என்ன பாக்கீய? எடுங்க" என்றாள்.

கடையநல்லூர் தாண்டியதும் சாரல் நின்றது. ரோடு வெளுத்துக் கிடந்தது. வள்ளி ஜன்னல் பக்கம் திரும்பி, குழந்தையின் பேரை மெதுவாகச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். எனக்குக் கேட்கக் கூடாதாம். உதடு மட்டும் அசைந்தது.

வாசுதேவநல்லூரில் கேட் சாத்தியிருந்தது. இசக்கிதுரை ஓடி வந்தான். காரைப் பார்த்தான், டைல்ஸைப் பார்த்தான்.

"அத்தான், அங்கன வேப்பமரத்தடில நல்ல நெழலு கெடக்கு. வண்டிய —"

வள்ளி கண்ணாடியை இறக்கினாள். "ஏலே தொரை, கேட்டத் தொறலே."

திறந்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள விடுங்க. சொட்டுனா இந்தத் தடவ அவன் தொடைக்கட்டும்."

விட்டேன். எஞ்சினை அணைத்தேன். எஞ்சின் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது. வள்ளி இறங்கி உள்ளே போய்விட்டாள். தொட்டிலைச் சுற்றிப் பேச்சு அடங்குகிறது. இப்போது அவள் குழந்தையின் காதுக்குக் குனிந்திருப்பாள். இசக்கிதுரை உள்ளே போகாமல் வாசல்படியிலேயே நிற்கிறான். அவன் கண் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி. புது பேக்கிங். சொட்டியிருக்கலாம், சொட்டாமலும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தாக வேண்டுமென்றால் நீங்களே குனிந்து பாருங்கள்.

நான் குனிவதாக இல்லை.